என்னில் கழித்த ஆறு கிலோ

மெலிவது என்று நான் தீர்மானித்தது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு வைகாசி மாதத்தில், ஒரு ஞாயிறு காலை, நிலைக்கண்ணாடிக்கு முன்னால், மூச்சைப் பிடித்தபடி. மூச்சை விட்டிருந்தால் பொத்தான் பறந்திருக்கும்.

பொத்தான் ஒரு நீலக் கோட்டினுடையது. கல்லூரி உதைபந்தாட்டக் குழுவில் நான் வலது ஓரம் ஓடிய காலத்தில் தைத்தது. முப்பது வருடம் டிரங்குப் பெட்டிக்குள் வேப்பிலைச் சருகுகளோடு படுத்திருந்தது. அது அப்படியே இருந்தது. நான்தான் இல்லை.

குழுவில் பதினொரு பேர். ஆறு பேர் கடல் கடந்து போய்விட்டார்கள். ஒருவர் அதற்கும் அப்பால் போய்விட்டார். ஊரில் மிஞ்சிய நாலு பேரும் பழைய கோட்டோடு நின்று ஒரு படம் எடுத்துக் கடல் கடந்தவர்களுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. படம் பிடிப்பவர் பட்டணத்துக் கனிசியஸ். போரில் அரசாங்கம் எங்கள் பக்கத்துக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் பிலிம் வருவது நின்று கனகாலம். அவரிடம் இருந்த கடைசிச் சுருளில் ஒரேயொரு படத்துக்குத்தான் இடம். ஒரு தரம் அழுத்துவார். கண்ணை மூடினால் மூடினதுதான். பொத்தான் பூட்டாவிட்டால் பூட்டாததுதான்.

படத்துக்கு இன்னும் ஒன்றரை மாதம், ஆறு கிழமை இருந்தது. நேரே கிராமத்து மருந்தகத்துக்குப் போனேன். அப்போதிக்கரி மார்க்கண்டர் என்னை நிறுத்தார். அறுபத்திரண்டு கிலோ. உயரத்தை அளந்தார். சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தார்.

"மாஸ்ரர், உம்மடை உயரத்துக்கு அச்சொட்டான நிறை."

"ஆறு கிலோ குறைக்க வேணும், ஐயா."

"எதிலை?"

"என்னிலைதான்."

அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "வெளியிலை வரிசையைப் பாத்தனீரே? எல்லாம் நிறை கூட்டித் தாங்கோ எண்டு வந்த சனம். இன்னொருக்கால் இந்தக் கதையோடை வந்தீரெண்டால் ஊசி போட்டுத்தான் அனுப்புவன்."

வீட்டுக்கு வந்து மனைவி மகாதேவியிடம் என் தீர்மானத்தை அறிவித்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நிற்கவில்லை.

"எங்களை எல்லாம் மெலிய வைக்க அரசாங்கமே தடை போட்டு வைச்சிருக்கு. அது காணாதெண்டு நீங்கள் வீட்டுக்குள்ளை இன்னொரு தடையோ?"

"இது கோட்டுக்காக, மகாதேவி."

"கோட்டை ஆருக்குக் காட்ட?"

"படத்துக்கு."

"படம் எங்கை போகுது?"

"கனடாவுக்கு, லண்டனுக்கு..."

"கனடாவிலை ஆர் இருக்கிறது?"

எங்கள் மகள் வதனி இருக்கிறாள். அது எனக்கும் தெரியும். ஆனால் கேள்வி மகாதேவியுடையது என்பதால் விடையும் அவளே சொன்னாள்.

"வயித்திலை பிள்ளையோடை இருக்கிறாள். போன கடுதாசியிலும் அப்பா சாப்பிடுறாரோ எண்டுதான் கேட்டவள். நீங்கள் ஓணான் மாதிரி ஒட்டிப்போய் நிண்டு படம் எடுத்து அனுப்புங்கோ. அவள் அங்கை இருந்து அழட்டும்."

"கோட்டுப் பூட்டாமல் நிண்டால் சிரிப்பாள்."

"சிரிக்கட்டுமே. சிரிச்சால் பிள்ளைக்கு நல்லது."

வாக்குவாதத்தில் தோற்கும்போது கணவன்மார் செய்வதையே நானும் செய்தேன். எழுந்துபோய்ச் சைக்கிளுக்குக் காற்றடித்தேன்.

மறுநாள் தொடங்கியது விரதம். காலையில் வெறும் தேத்தண்ணி. மத்தியானம் ஒரு பிடி சோறு. இரவில் ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் புட்டு அவிக்கும் வாசம் மட்டும். அதற்கு நிறை இல்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மார்க்கண்டர் ஊசியைக் காட்டிவிட்டதால் நிறை பார்க்க மருதனார்மடம் சந்தையை நம்பினேன். அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஏரம்புவின் கையில். ஞாயிறுதோறும் மகாதேவி கத்தரிக்காய்ச் சாக்கோடு அங்கே போகிறவள். சாக்கு என் சைக்கிள் பாரில், அவள் பின்னால் கரியரில். போகும்போது பேசாமல் வருவாள். திரும்பும்போது இணுவில் வரும்வரை ஒரே பல்லவி.

"பத்துக் கிலோ போட்டால் ஒரு கிலோ கழிவாம்! அழுகலுக்கு எண்டு கழிக்கிறானாம்! என்ரை கத்தரிக்காயிலை எங்கை அழுகல்? ஏரம்புவின்ரை மண்டையிலைதான் அழுகல்!"

சந்தையில் இந்தக் கழிவு பழைய வழக்கம். பத்துக்கு ஒன்று. தோட்டக்காரர் எல்லாரும் முணுமுணுப்பார்கள், எல்லாரும் கொடுப்பார்கள். நான் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். சதவீதம் தொடங்கும்போது இந்தக் கழிவைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

முதல் ஞாயிறு தராசில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினேன். மணிக்கூட்டைக் கழற்றினேன். பேனையை எடுத்தேன். கடைசியில் மூக்குக்கண்ணாடியையும் கழற்றி மகாதேவியிடம் கொடுத்தேன். அதுவும் சில கிராம் இருக்குமே! கண்ணாடி இல்லாவிட்டால் எனக்குத் தராசும் மாட்டுவண்டிலும் ஒன்றுதான்.

"அசையாதேங்கோ, மாஸ்ரர்," என்றான் ஏரம்பு. இரும்புக் குண்டு நகரும் சத்தம் கேட்டது. பிறகு சந்தைக்கே கேட்கும்படி, "அறுபத்தொண்டு!"

பூசணிக்காய் வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பெருமை ஒருநாள்தான். திங்கட்கிழமை கரும்பலகையில் '100க்கு 10' என்று எழுதினேன். எழுதிய பூச்சியங்கள் மெல்லப் பொன்னிறமாகி, நடுவில் ஓட்டையோடு, உழுந்து வடையாக மாறின. ஒன்றை எடுக்கக் கையை நீட்டியது நினைவிருக்கிறது. பிறகு கண் விழித்தபோது ஆசிரியர் அறை மர வாங்கில் நீட்டிக் கிடந்தேன். உடற்பயிற்சி மாஸ்ரர் தன் சைக்கிள் கரியரில் ஏற்றி என்னை வீட்டில் கொண்டுவந்து போட்டார். ஒரு மூட்டையைப் போல.

மகாதேவி திட்டவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் என்னைத் திட்டாமல் விட்டதில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

வேலிக்கு மேலால் சின்னத்தங்கத்தின் தலை தெரிந்தது. "மகாதேவியக்கா, மாஸ்ரருக்குச் சலரோகமோ, சீனி வருத்தம் ஏதுமோ? காய்ஞ்சு போனார்."

"இல்லையடி. இது வேறை வருத்தம். மருந்து சந்தையிலை இருக்கு. நான் பாத்துக்கொள்ளுறன்."

என்ன மருந்து என்று கேட்க எனக்குத் தென்பிருக்கவில்லை.

அன்று இரவு என் முன்னால் ஒரு பெரிய கோப்பை வந்தது. ஆவி பறந்தது.

"உதென்ன?"

"ஒடியற்கூழ்."

"ராவிலை நான் சாப்பிடுறேல்லை எண்டு சொன்னனான்."

"ஆர் சாப்பிடச் சொன்னது? குடிக்கச் சொல்லுறன். நீராகாரம்."

குனிந்து பார்த்தேன். காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய கூழுக்குள் மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பயத்தங்காய், இறால். ஒரு நண்டுக்கால் கோப்பையின் விளிம்பைப் பிடித்துக் கரையேறப் பார்த்தது.

"இதுக்குள்ளை நண்டு மிதக்குது, மகாதேவி!"

"மிதக்குதெண்டால் தண்ணிதானே?"

நான் கணக்கு வாத்தியார். தருக்கத்துக்குக் கட்டுப்பட்டவன். குடித்தேன். பலாவிலையைக் கரண்டி போல மடித்து, கோலிக் கோலிக் குடித்தேன். அவள் இன்னும் ஊற்றினாள். நண்டு கரையேறவே இல்லை.

அடுத்த ஞாயிறு மனம் பதறத் தராசில் ஏறினேன். கிழமை முழுக்கக் கூழ். ஒருநாள், 'கூழுக்குத் துணை' என்று புட்டும். ஏரம்பு குண்டை நகர்த்தினான்.

"அறுபது!"

என் காதை நானே நம்பவில்லை. அதற்கடுத்த கிழமை ஐம்பத்தொன்பது. பிறகு ஐம்பத்தெட்டு. சாப்பிடச் சாப்பிட மெலிந்தேன்! ஒடியல் மா கொழுப்பைக் கரைக்கிறது என்ற உண்மையை முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். ஆசிரியர் அறையில் அதைப் பற்றி ஒரு பேச்சே நிகழ்த்தினேன். சங்கீத ஆசிரியை அன்றே ஒடியல் வாங்கப் போனார்.

வீட்டிலும் ஓர் அமைதி வந்திருந்தது. சந்தையிலிருந்து திரும்பும்போது மகாதேவி இப்போது கழிவைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கரியரில் இருந்தபடி ஏதோ ஒரு தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டு வருவாள். நான் மெலிவது அவளுக்கும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். பின்னேரங்களில் தையல் மெஷின் ஓடும். "என்ன தைக்கிறீர்?" என்றால், "தலையணை உறை." எங்கள் வீட்டில் இரண்டு தலையணைதான். ஐந்து கிழமையாக உறை தைத்தாள்.

சனிக்கிழமைகளில் கோட்டைப் போட்டுப் பார்ப்பேன். பொத்தானுக்கும் துளைக்கும் இடையில் முதலில் மூன்று விரல் இருந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. ஆறாவது சனிக்கிழமை பொத்தான் தானே துளைக்குள் போய் உட்கார்ந்தது. மறுநாள் தராசில் ஏரம்புவின் குரல் கோயில் மணி போல ஒலித்தது.

"ஐம்பத்தாறு!"

படம் எடுத்த அன்று நாலு பேரும் கல்லூரி மைதானத்து வேப்பமரத்தின் கீழ் நின்றோம். மற்ற மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒருவன்தான் தாராளமாக மூச்சு விட்டேன். சிரிக்கவும் செய்தேன். கனிசியஸ் அழுத்தினார். அவ்வளவுதான். சுருள் முடிந்தது.

கதையும் அங்கே முடிந்திருக்கலாம். ஒரு வாழைக்குலை கெடுத்தது.

படம் எடுத்ததற்கு அடுத்த ஞாயிறு மகாதேவி கோயிலுக்குப் போய்விட்டாள். வீட்டுக்குப் பின்னால் கோடியில் குலை ஒன்று முற்றி நின்றது. நானே வெட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனேன். குலையை நிறுக்க என் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதில்லையே! மூக்கில் அது இருந்தது. தராசு தெளிவாக இருபது காட்டியது.

"பதினெட்டு!" என்றான் ஏரம்பு.

"இருபதெல்லே?"

"கழிவு, மாஸ்ரர்."

"எங்கடை வீட்டுச் சாமானுக்கு நீ கழிவு எடுக்கிறதில்லைப் போலை இருந்தது. மனுசி இப்ப முணுமுணுக்கிறேல்லை."

"அது கத்தரிக்காய்க்கு மட்டும். வாழைக்குலை அந்தக் கதையிலை சேர்க்கேல்லை."

"எந்தக் கதை?"

ஏரம்பு நாக்கைக் கடித்தான். நான் தராசை விட்டு நகரவில்லை. பின்னால் வெங்காய மூட்டைகள் காத்துக்கொண்டு நின்றன.

"என்னைக் குறை சொல்லாதேங்கோ, மாஸ்ரர். அம்மாதான் வந்து சொன்னவ. கத்தரிக்காயிலை எடுக்கிற கழிவை இனி அதிலை எடாதை, வேறை ஒண்டிலை எடு எண்டு."

"வேறை எதிலை?"

அவன் என்னை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒரு தரம் பார்த்தான்.

"பத்துக்கு ஒண்டுதான், மாஸ்ரர். அதுக்கு மேலை ஒரு துளி எடுக்கேல்லை. ஒரேயடியாய் எடுத்தால் பயந்திடுவார், மெள்ள மெள்ள எடு எண்டவ. நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான். அவவோடை கதைச்சு வெல்ல ஏலுமே? நீங்கள் வெண்டிருக்கிறியளே?"

தராசில் ஏறினேன். செருப்போடு. மணிக்கூட்டோடு. கண்ணாடியோடு. அறுபத்திரண்டு. அதில் பத்திலொன்று ஆறு. மிச்சம் ஐம்பத்தாறு. எட்டாம் வகுப்புக் கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் கோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு கமக்கட்டுக்குக் கீழும் இடுப்புவரை புதுத் துணி. வதனி பள்ளிக்கூடத்துச் சாரணியத்துக்குப் போட்ட நீலப் பாவாடை அது.

மகாதேவி கோயிலால் வந்தாள். கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

"என்னை ஏமாத்திப் போட்டீரே!"

"கோட்டுப் பூட்டினதோ?"

"பூட்டினது. ஆனால்..."

"கூழ் குடிச்ச பிறகு மயங்கி விழுந்தனீங்களோ?"

"இல்லை. ஆனால் மகாதேவி, நான் சதவீதம் படிப்பிக்கிறவன்!"

"படிப்பிக்கிறவர்தானே? ஆறு கிழமையாய் நிறுத்தவங்கள். ஒருக்கால் கணக்குப் பாத்திருக்கலாமே."

நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன்.

கனடாவிலிருந்து கடுதாசி வர இரண்டு மாதமாயிற்று. மகாதேவி வாசற்படியில் இருந்து உரக்க வாசித்தாள்.

"'படம் கிடைச்சது, அம்மா. அப்பாவைப் பாத்த பிறகுதான் நிம்மதியாய் நித்திரை கொண்டன். கோட்டின்ரை பக்கவாட்டிலை என்ரை பாவாடையைக் கண்டு சிரிச்ச சிரிப்பிலை, உள்ளுக்குள்ளை இருந்து பிள்ளையும் ஓர் உதை உதைஞ்சது. வலது பக்கம்.'"

வேலிக்கு அப்பால் சின்னத்தங்கம் புட்டுக்கு மா வறுக்கும் வாசம் வந்தது. மகாதேவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசி வரியை வாசித்தாள்.

"'ஆனால் அம்மா, அப்பா கொஞ்சம் ஊதிப்போனார். மெலியச் சொல்லுங்கோ.'"

கடுதாசியை நாலாக மடித்தாள். தோட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, வாற ஞாயிறு சந்தைக்கு வாறியளே? கத்தரி இந்த முறை நல்லாய்க் காய்ச்சிருக்கு."