மாலையும் கழுத்துமாக ஒரு வாசகர் சந்திப்பு

நம் ஆட்கள் ஒரு கூட்டம் போட்டால், பேச வந்த விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக நடக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்படி ஒரு கூட்டத்தை நானே நடத்தினேன். (நடத்தினேன் என்பதைவிட, மாலையைப் போட்டுக்கொண்டு அதன் பின்னால் ஓடினேன் என்பதுதான் சரி.)

எண்பதுகளின் நடுவில், ஈப்போ நகரின் சிலிபின் பகுதியில் நானும் என் நண்பன் தேவராஜும் 'பகடைக்காடு' என்று ஒரு பத்திரிகை நடத்தினோம். இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்த்த தேவராஜின் அக்கா லீவில் வந்தபோது கொண்டுவந்த ஒரு விளையாட்டுப் பெட்டிதான் எல்லாவற்றுக்கும் காரணம். நாலைந்து பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார்: முன்னால் ஒரு குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்? மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறிப் பதில் சொல்ல வேண்டும். வெட்டு விழுமா, தலை தப்புமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இதைத் தமிழில் ஆட ஒரு பத்திரிகை இல்லையே என்று கிளம்பிவிட்டோம். தேவராஜ் கதை எழுதி, அதில் வரும் அசுரனுக்குப் படமும் வரைவான். நான் ஆசிரியர். அதாவது சைக்ளோஸ்டைல் மிஷினைச் சுற்றுவேன், தபால்தலை ஒட்டுவேன், 'ஆசிரியர்' என்று என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்வேன்.

மூன்று இதழ் வந்ததும் தேவராஜ் சோர்ந்துபோனான்.

"ஜோசப்பு, யாருலா இத படிக்கிறாங்க? சிங்கப்பூர்ல கப்பல் பட்டறை வேலைக்கு மாமா கூப்பிடுறாரு. நான் போலாம்னு இருக்கேன்."

"படிக்கிறாங்க மச்சான். தோட்டத்துலல்லாம் ஆடுறாங்க!"

"அப்ப அவங்க வாயால சொல்லட்டும். இன்னும் என்ன வேணும்னு கேக்கட்டும். கேட்டா இருக்கேன், இல்லாட்டி போறேன்."

நியாயமான பேச்சு. அவன் போய்விட்டால் பத்திரிகையில் மிச்சம் இருப்பது என் பெயர் மட்டும்தான். உடனே வாசகர் சந்திப்பு அறிவித்தேன். 'இனிவரும் இதழ்களில் என்ன வேண்டும்? நேரில் வந்து சொல்லுங்கள்!' ஞாயிற்றுக்கிழமை மதியம், சிலிபினில் ஒரு சின்ன மண்டபம்.

நாலு நாற்காலி, பால் விடாத காப்பி ஓ, பிஸ்கட். இவ்வளவு போதும். ஆனால் ஆசிரியர் சும்மா இருப்பாரா? தலைவர் இல்லாத கூட்டமும் ஒரு கூட்டமா என்று தோன்றிவிட்டது. லோரி கம்பெனி முதலாளி ஒருவர் இருந்தார். சிலிபினில் எந்தச் சங்கம் தொடங்கினாலும் அவர்தான் தலைவர். அவரைக் கூப்பிட்டேன். அவரோடு சங்க நிர்வாகிகள் அடங்கிய செயலவையே வந்தது. ஒருவரை மேடையேற்றி இன்னொருவரை விட்டால் ஜென்மப்பகை. ஆகவே எல்லோருக்கும் மாலை, எல்லோருக்கும் பொன்னாடை. (இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். எனக்கும் ஒரு மாலையும் பொன்னாடையும் நானே வாங்கி, தலைவர் கையால் போடும்படி அவருடைய செயலாளரிடம் ரகசியமாகக் கொடுத்து வைத்திருந்தேன்.)

வாசகர்களும் வந்தார்கள்! பத்து காஜா என்ற ஊரிலிருந்து ஓர் ஆஸ்பத்திரி ஊழியர். பாகான் டத்தோ போகிற வழியிலுள்ள ரப்பர் தோட்டத்திலிருந்து ஃபிலோமினா என்ற பெண், துணைக்கு அவளுடைய சித்தி. இன்னும் சிலர். என்ன, மேடையில் இருந்த கூட்டம் கீழே இல்லை. ஃபிலோமினா வாசலிலேயே என்னிடம் சொன்னாள்:

"அண்ணே, நாலரைக்கு டவுன் பஸ்ஸப் புடிக்கணும். அத விட்டா தெலுக் இந்தான் பஸ் போயிரும். அப்புறம் வீட்டுக்குப் போக வண்டியே இல்ல."

"ஐயே, அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்லா!" என்றேன்.

விளக்கேற்றினோம். இறைவாழ்த்து பாடினோம். ஒரு வாரமாக எழுதி மனப்பாடம் செய்த வரவேற்புரையில் ஒரு சொல்லையும் விடாமல் பேசினேன். பிறகு மாலைகள், பொன்னாடைகள். எனக்கும் விழுந்தது. எதிர்பாராதவன் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

பிறகு தலைவர் எழுந்தார். பத்திரிகையை அவர் படித்ததில்லை, அட்டையை மட்டும் பார்த்திருந்தார்.

"பகடை! பகடை எத்தன குடும்பத்த அழிச்சிருக்கு தெரியுமா?" என்று ஆரம்பித்து, சூதாட்டத்தின் தீமைகளை முக்கால் மணி நேரம் விளாசினார். அந்த நேரத்தில் அவருடைய பொருளாளர் என் காதில், "தம்பி, அந்த இருவது மொகத்த உருட்டுனா லாட்டரிக்கு நாலு நம்பர் ஏதும் விழுமா?" என்று கேட்டார்.

கீழே ஃபிலோமினா கை தூக்கினாள். கொஞ்சம் பொறு என்று கண்ணால் ஜாடை காட்டினேன். தலைவர் அந்தக் கையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கிளை விஷயத்துக்குப் போனார். பின்சுவரில் சாய்ந்து கை கட்டி நின்ற தேவராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். 'வாசகர் கருத்து' நிகழ்ச்சி நிரலில் கடைசியில் இருந்தது. அதை அங்கே போட்ட புண்ணியவான் நான்தான்.

செயலவையில் மூன்றாமவர் வாழ்த்துரை வழங்கும்போது கீழே நாற்காலிகள் நகர்ந்தன. வாசகர்கள் ஒவ்வொருவராக எழுந்து, பாவம், கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். வாசலில் நாலரை மணி பஸ் வந்து நின்றிருந்தது.

அலாமாக்! மேடையிலிருந்து குதித்தேன். நான் வாசலுக்கு வரும்போது பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலைத் தட்டிக்கொண்டே ஓடினேன்.

"சொல்லுங்க! அடுத்த இதழ்ல என்ன வேணும்? சொல்லிட்டுப் போங்க!"

பின்னாலிருந்து தேவராஜ் மோட்டார் சைக்கிளில் வந்தான். "ஏறுலா, மடையா!" என்றான். ஏறினேன். மாலையைக் கழற்றத் தோன்றவில்லை. பொன்னாடை வேறு பின்னால் பறந்தது.

முதல் நிறுத்தத்தில் ஆஸ்பத்திரிக்காரர் தலையை வெளியே நீட்டினார். "கதையில பனி கொட்டுறத நிறுத்துங்க தம்பி! பத்து காஜாவுல ஏது பனி? வீரனுங்க நடுங்கிக்கிட்டே இருக்கானுங்க. சேறு போடுங்க, அட்டைப்பூச்சி போடுங்க, கொசு போடுங்க!"

அடுத்த நிறுத்தத்தில் ஃபிலோமினாவின் சித்தி. "எல்லாக் கதையிலயும் பொண்ணப் புடிச்சுக் கட்டிப் போடுறீங்களே, கை வலிக்கலயா? ஒரு தடவ அவ போயி அந்த அசுரனக் கட்டிப் போடட்டும்!"

தேவராஜ் சிரித்தான். பல வாரம் கழித்து அவன் சிரித்ததைப் பார்த்தேன்.

டவுனுக்குள் சிவப்பு விளக்கில் பஸ் நின்றது. ஃபிலோமினாவின் ஜன்னல் எங்களுக்கு நேர் பக்கத்தில். அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்:

"அண்ணே, எங்க தோட்டத்துல நாங்க அஞ்சு பேரு ஆடினோம். பால் மரத்த வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடுறாங்க, வேல இல்லாம எல்லாரும் கெளம்பிட்டாங்க. ரெண்டு பேரு கிள்ளான், ரெண்டு பேரு சிங்கப்பூரு. நான் மட்டும் இருக்கேன். தனியா ஆடுற மாதிரி ஒரு ஆட்டம் போட முடியுமா?"

விளக்கு பச்சையாகி பஸ் போய்விட்டது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள், தேவராஜ் வண்டியை எடுக்கவில்லை. அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து இதைக் கேட்க வந்தவளை உட்கார வைத்து, சூதாட்டத்தின் தீமைகளைக் கேட்க வைத்திருக்கிறேன்.

சாலையோரம் பீசாங் கோரெங், அதாவது வாழைப்பழ பஜ்ஜி, விற்ற அக்கா என் மாலையைப் பார்த்துவிட்டு, "என்னாப்பா, பொண்ணு பஸ் ஏறிப் போயிருச்சா?" என்றார் கவலையாக.

தேவராஜ் சிங்கப்பூர்ப் பயணத்தை வருடக் கடைசிக்குத் தள்ளிப்போட்டான். நாலாம் இதழ் முழுக்கத் தனியாக ஆடும் ஆட்டம்தான். இடது பக்கம் போனால் இந்தப் பத்தியைப் படி, வலது பக்கம் போனால் அந்தப் பத்தியைப் படி என்று இருக்கும். கதை சொல்ல ஆள் வேண்டாம், கூட ஆட ஆள் வேண்டாம். பனி இல்லை. அட்டை நிறைய இருந்தது. பிறகு அவன் கப்பல் பட்டறைக்குப் போனான். போன புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கும் விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அதே ஆட்டத்தைத் தானும் ஆடியதாகப் பின்னால் ஒருநாள் சொன்னான்.

அதற்குமுன் நடந்த ஒன்றை விட்டுவிட்டேன். மாலையும் கழுத்துமாக ஒருவன் மோட்டார் சைக்கிளில் துரத்தினான் என்ற செய்தி, ஃபிலோமினாவுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அவளுடைய அண்ணன் சேவியர் முண்டா பனியனோடு எங்கள் மிஷின் அறைக்கு வந்தார். "யாருடா அந்த மாப்பிள்ளை?" என்று கேட்டவரை உட்கார வைத்து, தேவராஜ் பகடையைக் கையில் கொடுத்தான். பொழுது சாய்வதற்குள் அவரை அசுரன் மூன்று தடவை தின்றுவிட்டான். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரம் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஃபிலோமினா இப்போது பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பேரன் பேத்தியும் வந்தாயிற்று. வீட்டில் நான் எதையாவது முன்னுரையோடு ஆரம்பித்தால் பிள்ளைகள், "அப்பா, பஸ் வந்துருச்சு!" என்று கத்துவார்கள். எங்கள் கல்யாணம் எப்படி நடந்தது என்று புது மருமகளோ சம்பந்தியோ கேட்டால், பதில் சொல்லும் உரிமை ஃபிலோமினாவுடையது. அவளுடைய பதில் இத்தனை வருடத்தில் மாறியதே இல்லை:

"தனியா ஆடுற ஆட்டம் ஒண்ணு அனுப்புங்கன்னு கேட்டேன்லா. ஆசிரியர் அவரே வந்துட்டாரு."