வீங்கின மாமா

அரிச்சந்திரன் மட்டும் அந்தமானுக்கு மாற்றலாகி வந்திருந்தால், எங்கள் ‘சொல்லிப்புட்டேன்’ அண்ணனிடம் கொஞ்ச காலம் வேலை பழகிக்கொண்டுதான் சுடுகாட்டுக்கே போயிருப்பான். இதை நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்கள் அண்ணனைப் பார்க்காதவர்கள்.

அறுபதுகளில் போர்ட் பிளேரில் ஓர் அரசாங்க ஆபீசில் நான் குமாஸ்தா. அவர் எனக்கு ஒரு படி மேலே. புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் புழங்கியதில்லை. எதையாவது முடிவு செய்துவிட்டால் கடைசியில் “சொல்லிப்புட்டேன்” என்பார். அதற்குப் பிறகு அந்த முடிவை அவராலேயே மாற்ற முடியாது.

ஒரு முறை முடிதிருத்தக் கடையில், “இன்னும் ஒரு வார்த்தை அரசியல் பேசுனா எந்திரிச்சுப் போயிருவேன், சொல்லிப்புட்டேன்” என்றார். கடைக்காரர் வாய் சும்மா இருக்குமா? அண்ணன் துண்டை உதறிவிட்டு எழுந்து வந்துவிட்டார். வலது பக்கம் கிராப்பு, இடது பக்கம் காடு. அந்தக் கோலத்தில் ஆபீஸ் வந்து, மேலதிகாரி முன்னால் நின்று, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அதிகாரி கடைசிவரை அவர் தலையைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

இன்னொரு சமயம் புரோத்ராபூரில் வேலை. எங்களை ஏற்றிப் போகும் லாரி டிரைவரிடம், “நாளைக்கும் லேட்டா வந்தா நடந்தே போயிருவேன்” என்று சொல்லிப்புட்டார். மறுநாள் லாரி லேட். கொட்டுகிற மழையில் அண்ணன் நடந்தார். பின்னாலேயே லாரி ஊர்ந்தது. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மாஃப் கரோ பாபு, பைட் ஜாவ்” என்று, மன்னித்து ஏறி உட்காரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டே வந்தார். அண்ணனை முந்திப் போக அவருக்கு மனம் வரவில்லை. லாரிக்குள் உட்கார்ந்திருந்த எங்களுக்கு இறங்கி நடக்கவும் மனமில்லை. ஏதோ சாமி ஊர்வலத்தில் கலந்துகொண்டவர்கள் மாதிரி பக்தியோடு ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம்.

இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு குறை, மூக்கு. சின்ன வயதில் சடுகுடு ஆடும்போது யாருடைய முழங்கையோ பட்டு, நன்றாக இடது பக்கம் திரும்பியிருந்தது. மூச்சு ஒரு பக்கம்தான் ஓடும். குறட்டை விட்டால் குவார்ட்டர்ஸ் தகரக் கூரை அதிரும். அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதே இல்லை, குடும்பத்தைக் கூட்டிக்கொள்ள வீடு கிடைக்கும் வரை.

ஊரில் மனைவியும், செல்வி என்று ஒரு பெண்ணும் இருந்தார்கள். செல்வியைக் கைக்குழந்தையாகப் பார்த்துவிட்டு வந்தவர்தான். அவளுக்கு இப்போது ஐந்து வயது. அப்பா என்றால் அவளுக்கு இங்கே ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய ஒரு போட்டோதான். தினமும் அதற்கு நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுத்தான் தூங்குவாளாம்.

“தம்பி, நான் விடுற கொறட்டைல புள்ள மிரண்டுரும்டா. மூக்கச் சரி பண்ணிட்டுத்தான் மறுவேலை. சொல்லிப்புட்டேன்” என்றார்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அப்போது மூக்கு டாக்டர் ஒருவர் புதிதாக வந்திருந்தார். ஆப்பரேஷனுக்கு நாள் குறிப்பதில்தான் அண்ணன் கோட்டை விட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், தீவில் இருந்த யாராக இருந்தாலும் அதே தப்பைத்தான் செய்திருப்பார்கள். மெட்ராஸ் கப்பல் சொன்ன தேதிக்கு வந்ததாகச் சரித்திரம் கிடையாது. வெங்காயம் வாங்குவதிலிருந்து கல்யாணம் வைப்பது வரை, கப்பல் தேதியோடு ஒரு வாரம் சேர்த்துத்தான் நாங்கள் கணக்குப் போடுவோம். அண்ணனும் அப்படியே போட்டார். குடும்பம் ஏறிய கப்பல் வருவதற்குள் வீக்கம் வடிந்துவிடும். நேராகப் போய் நிற்கலாம்.

அந்தத் தடவை பார்த்துக் கப்பல் சொன்ன நாளில் வந்து தொலைத்தது.

அப்போது அண்ணனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மூக்கின் மேல் பிளாஸ்திரி. மூக்குக்குள் திணித்திருந்த துணியை முந்தின நாள்தான் உருவியிருந்தார்கள். கண்ணைச் சுற்றி இரண்டு பக்கமும் நாவல்பழக் கலரில் ரத்தம் கட்டி, கன்னம் உப்பி, கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. வாயால் மூச்சு விட்டு விட்டு உதடு வெடித்திருந்தது. குனியக்கூடாது, தும்மக்கூடாது, மூக்கைச் சிந்தக்கூடாது, சிரிக்கக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. பக்கத்து வீட்டு வங்காளிக்காரர் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துச் சுடச்சுடப் பற்றுப் போட வந்தார். நான்தான் வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்பினேன்.

“அண்ணே, தலைல துண்டப் போட்டுக்கிட்டு நீங்க வீட்லயே இருங்க. நான் போயி அண்ணியக் கூட்டிட்டு வர்றேன்” என்றேன்.

“ஜஹாஜ் வர்றப்ப மொத ஆளா நிப்பேன்னு எழுதிப்புட்டேன்டா.” பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது குரல். தீவில் எங்களுக்குக் கப்பல் என்றால் ஜஹாஜ்தான்.

கப்பல் வந்து அணையும் சாத்தம் ஜெட்டியில் முதல் ஆளாகத்தான் நின்றார். கூட்டம் தானாகவே வழி விட்டது. ஏணியில் இறங்கி வந்த அண்ணி, நிற்கிற நிலையை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

“என்னங்க இது கோலம்? ஒரு வார்த்த எழுதக்கூடாதா?”

“ஜஹாஜ் லேட்டா வரும்னு நெனச்சேன்.”

செல்வி பாவாடை மடிப்பிலிருந்து போட்டோவை எடுத்தாள். போட்டோவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி போட்டோவைப் பார்த்தாள். அழவில்லை. அம்மா பின்னால் ஒளியவும் இல்லை.

“இவரு எங்க அப்பா இல்ல” என்றாள்.

அண்ணி பதறிப்போனார். அண்ணன் கையமர்த்தினார். “இப்ப இல்லதான் தாயி. வீங்கியிருக்கேன். வடிஞ்சதும் அச்சு அசலா அந்தப் போட்டோல இருக்கிற மாதிரியே ஆயிருவேன். சொல்லிப்புட்டேன்.”

“அப்ப ஆனதும் வாங்க.”

விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

மற்றவர்களாக இருந்தால் பிள்ளையை ஓர் அதட்டு அதட்டித் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணன் பெட்டியைச் சுமந்துபோய்த் தன் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த என் அறைக்கு வந்துவிட்டார். “புள்ள சொல்லிருச்சுல்ல” என்றார், அவ்வளவுதான். தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினார். சொந்த வீட்டுக்குக் கதவைத் தட்டிவிட்டுத்தான் போவார். “யாரு?” என்று உள்ளேயிருந்து கேட்பாள். “வீங்கின மாமா” என்பார். அந்தப் பெயரை வைத்தவளும் அவள்தான். அண்ணி தட்டில் சாதம் போட்டுக் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியாது.

காலையில் வாசலில் வைத்துச் சோதனை நடக்கும். போட்டோவை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்து, செல்வி உற்றுப் பார்ப்பாள். “இன்னிக்குப் பச்ச.” “இன்னிக்கு மஞ்ச.” “இந்தக் கண்ணு வந்துருச்சு, அந்தக் கண்ணு இன்னும் வரல.” ஒரு பெரிய உத்தியோகஸ்தர், கையைக் கட்டிக்கொண்டு, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, ஐந்து வயசு அதிகாரி முன்னால் நிற்பார். மத்தியானம் சோழி பொறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பார். சாயங்காலம் கதை சொல்லுவார். பாதியில் தும்மல் வந்துவிட்டால், வாயை ஆவென்று திறந்து கையை விரித்துக்கொண்டு நிற்பார். மூக்கு வழியாகத் தும்மாமல் இருக்க டாக்டர் சொன்ன வழி அது. அவர் கூடவே செல்வியும் வாயைத் திறந்துகொண்டு நிற்பாள்.

வீக்கம் வடிந்தது. பிளாஸ்திரியைப் பிரித்தார்கள். அன்றைக்குச் சவரம் செய்துகொள்ள என் அறைக் கண்ணாடி முன்னால் நின்ற அண்ணன் அப்படியே நின்றுவிட்டார்.

“தம்பி, மூக்கு நேராப் போச்சேடா.”

அதற்குத்தானே ஆப்பரேஷன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. போட்டோவில் இருப்பது கோணல் மூக்கு. இனி எத்தனை வடிந்தாலும் அந்த முகம் வரப்போவதில்லை. எதிரே நிற்பவர் லட்சணமாகத்தான் இருந்தார், ஆனால் யாரோ அசலூர்க்காரர் மாதிரி இருந்தார்.

என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். “பழையபடி வளச்சுக் குடுத்துருங்க சார்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “நேராக்கத்தான வந்தீங்க?”

“வந்தேன் சார். ஆனா அதே மாதிரி ஆயிருவேன்னு புள்ளகிட்டச் சொல்லிப்புட்டேனே.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். “மூக்கு நுனி வீக்கம் முழுசா வடிய இன்னும் மாசக்கணக்காகும், அதுவரைக்கும் இடிபடாம பாத்துக்கங்க” என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

வழி நெடுக அண்ணன் மூக்கைத் தடவிக்கொண்டே வந்தார். அவர் பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாழ்நாளில் ஒரு சொல்லைக்கூடத் திரும்ப வாங்காத மனிதர், அதை முதல் முதலாகத் தன் பெண்ணிடமே வாங்கப்போகிறார். அவள் “சரி, போங்க” என்று சொல்லிவிட்டால் இவர் நிஜமாகவே போய்விடுவார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கதவைத் தட்டினார். செல்வி வந்து நின்றாள். குனியக்கூடாது என்பதால் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

“தாயி, வீக்கம் வடிஞ்சிருச்சு. ஆனா நான் சொன்ன மாதிரி ஆகல. மூக்க நேராக்கிப்புட்டாங்க. அந்தப் போட்டோல இருக்கிறவரு இனிமே வர மாட்டாரு. நான் சொன்னது தப்பிப் போச்சு.”

செல்வி அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனாள். அண்ணி அடுப்பங்கரைக் கதவைப் பிடித்தபடி நின்றார். போட்டோவோடு திரும்பி வந்தவள், அதை அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடிக்கவில்லை. நேரே என்னிடம் வந்து என் கையில் கொடுத்தாள்.

“இவரு ஒருவேள வந்தா, எங்க வீட்ல அப்பா இருக்காருன்னு சொல்லி அனுப்பிருங்க மாமா.”

பிறகு அண்ணன் கையைப் பிடித்து, “எந்திரிங்க, சோறு ஆறுது” என்றாள்.

அண்ணன் அழுதார். டாக்டர் தடை செய்த பட்டியலில் அழுகை இல்லை என்று நினைக்கிறேன்.

அவர் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. அந்தப் போட்டோ இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது. அந்தக் கோணல் மூக்குக்காரர் ஒரு நாள் என் வாசலில் வந்து நின்றால், அந்தப் பெண் சொல்லச் சொன்னதை நான் சொல்ல மாட்டேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துக்கொள்வேன்.