ஏணி பிடித்த மாடசாமி

சாம்பார்ச் சட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. செல்லையா அண்ணாந்து பார்த்தார். அடுத்த சொட்டு அவருடைய மூக்குக் கண்ணாடியில் விழுந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மனைவி நவமணி.

அவரால் எதையும் பார்க்க முடியவில்லை. கண்ணாடி நனைந்திருந்தது.

செல்லையா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கிறவர். எதையும் தராசில் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறவர். சொட்டுகளை ஒரு டம்ளரில் பிடித்து, கையில் வைத்து எடை பார்த்தார்.

"நூறு கிராம் இருக்கும்" என்றார்.

"சாம்பார்ல சேத்தா?" என்றாள் நவமணி.

அது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீடு. சரியாகச் சொன்னால் பாதி வீடு. ஒரே ஜிங்க் தகட்டுக் கூரைக்கு அடியில் ஒட்டிப் பிறந்த இரண்டு வீடுகள். நடுச்சுவரில் இரண்டு அடுப்புக்கும் பொதுவாக ஒரு செங்கல் புகைக்கூண்டு, கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போனது. அந்தப் பக்கத்து வீட்டில் மாடசாமி குடும்பம். இத்தனை வருஷத்தில் புகையைப் பங்கு போட்டுக்கொள்வதில் சண்டை வந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் மாடசாமியே சேதியோடு வந்தார்.

"அண்ணே, கேட்டீங்களா? வர்ற திங்கக்கிழமை எஸ்டேட் சின்னதுரை வீடு வீடா வந்து கூரையைப் பாக்கப் போறாராம்."

"பாக்கட்டுமே."

"ஒழுகுற வீட்டுல ஆள் குடியிருக்கக் கூடாதாம். எல்லாரையும் கீழ் டிவிசனுக்குத் தூக்கிடுவாங்களாம் லா."

நவமணியின் கையிலிருந்த கரண்டி நின்றது. கீழ் டிவிசனில் கரண்டு கிடையாது. ரத்தம் குடிக்கும் அட்டைகள் மட்டும் தாராளம். நவமணி டிவி வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் படத்துக்கு லயமே அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுகிறது.

"நல்லா கேட்டுக்குங்க" என்றாள் கணவனிடம். "கீழ் டிவிசனுக்குப் போறதா இருந்தா நீங்க போங்க. டிவியும் நானும் தாப்பாவுக்கு, எங்க அண்ணன் வீட்டுக்குப் போறோம்."

டிவியை முதலில் சொன்னதைச் செல்லையா கவனித்தார்.

"உங்க பக்கம் எப்படி மாடசாமி?"

"எங்க பக்கமா? ஒரு சொட்டு இல்லண்ணே. கருவாடு காயப் போடலாம்."

சொன்னவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. பக்கத்து வீட்டுக் கஷ்டத்தைப் பார்த்தபின் காய்ந்த கூரையை அனுபவிக்க மனசு வராத மனுஷன் என்று செல்லையா எடுத்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க. நாமளே சரி பண்ணிடுவோம். ஏணி எங்கிட்ட இருக்கு. நான் பிடிச்சுக்குறேன்."

மறுநாள் மாடசாமி ஏணியைப் பிடிக்க, செல்லையா கூரையேறினார். புகைக்கூண்டின் காலில், செங்கலும் ஜிங்க்கும் சேரும் இடத்தில், சுற்றிவர ஒரு மடக்குத் தகரம் அடித்திருந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தகரம். மாடசாமி பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் பக்கம் துருப்பிடித்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

மேலிருந்து பார்த்தால் ரோட்டோரம் எஸ்டேட் கட்டிவரும் புதுச் செங்கல் வீடுகள் தெரிந்தன. கண்ணாடி ஜன்னல், வாசலிலேயே குழாய்.

"யாருக்குக் கட்டுறாங்க மாடசாமி?"

"எல்லாம் ஆபீஸ் கிராணிமாருங்களுக்குத்தானாம். நீங்க வேலையைப் பாருங்கண்ணே."

செல்லையா பிளந்த வாயில் தாரைக் காய்ச்சி ஊற்றினார். வாய் மூடிக்கொண்டது. ஆனால் அவர் நடந்த நடையில் ஜிங்க் ஆணிகள் எழுந்து நின்று வேடிக்கை பார்த்ததை அவர் கவனிக்கவில்லை. மழை வந்தது. ஒரு இடத்தில் ஒழுகியது இப்போது மூன்று இடத்தில் ஒழுகியது.

"முன்ன ஒரு சட்டிதான் வச்சிருந்தேன்" என்றாள் நவமணி. மிச்சத்தை மூன்று சட்டிகள் சொல்லிக்கொண்டிருந்தன.

எழுந்த ஆணிகளைத் தட்டி உட்காரவைத்தார். பழைய தகரம்தான் குற்றவாளி என்று தீர்மானித்து, தன் பக்கத்தில் அதைப் பிடுங்கி எறிந்தார். தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின்னை வெட்டி விரித்து, புகைக்கூண்டின் காலைச் சுற்றி, ஜிங்க்குக்கு மேலேயே வைத்து அடித்தார். டின்னில் ஒரு குதிரை வண்டி போட்டிருந்தது. கூரைக்கு அழகாகக்கூட இருந்தது.

"சூப்பர் அண்ணே" என்றார் கீழே மாடசாமி.

சனிக்கிழமை படத்தில் கதாநாயகி அழத் தொடங்கிய நேரம் மழையும் தொடங்கியது. கூரைச் சரிவில் ஓடிவந்த தண்ணீர் பிஸ்கட் டின்னுக்கு மேலே போகாமல், நேராக அடியில் புகுந்தது. சொட்டவில்லை. கொட்டியது. அடுப்பு இருந்த குசினியை நிரப்பிக் கூடத்துக்கு வந்தது. படம் பார்க்க வந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்கள். நவமணி டிவிக்குக் குடை பிடித்துக்கொண்டு பார்த்தாள். செல்லையா படம் பார்க்கவில்லை. அவரை எல்லோரும் பார்த்தார்கள்.

ஞாயிறு காலை முதல் லோரியைப் பிடித்து பிரிஞ்சாங் டவுனுக்குப் போனார். சேக் தாவூத்தின் இரும்புச் சாமான் கடையில் நின்றபடியே முழுக் கதையையும் கொட்டினார்.

"டின்னை ஜிங்க்குக்கு மேல அடிச்சீங்களா?" என்றார் தாவூத்.

"ஆமா பாய்."

"மழையில கொழுந்து பறிக்கிறவங்க இடுப்புல பிளாஸ்டிக் கட்டுவாங்கள்ல? அதை பூட்ஸுக்கு உள்ள விடுவாங்களா, வெளிய விடுவாங்களா?"

"வெளியதான். உள்ள விட்டா பூட்ஸ் நிறைஞ்சுடுமே."

"நீங்க உங்க வீட்டுக்கு பூட்ஸ் மாட்டி, பிளாஸ்டிக்கை உள்ள விட்டிருக்கீங்க."

செல்லையாவுக்கு முதல் தடவையாகத் தன் வீடு புரிந்தது.

தாவூத் புதுத் தகடு வெட்டி மடக்கிக் கொடுத்தார். "செங்கல்ல ஒரு கோடு வெட்டி, மேல் ஓரத்தை உள்ள விட்டு சிமிட்டி பூசுங்க. மேட்டுப் பக்கம் மேல் ஜிங்க்குக்கு அடியில போகணும். பள்ளத்துப் பக்கம் கீழ் ஜிங்க்குக்கு மேல உக்காரணும். அப்புறம் வருஷத்துக்கு ஒருக்கா ஏறி, சேர்ற இலை குப்பையைத் தள்ளிவிடுங்க. அவ்வளவுதான்."

அன்றைக்கே வேலை நடந்தது. மாடசாமி ஏணியைப் பிடித்ததோடு, கீழே இருந்து யோசனையும் சொன்னார்.

"அண்ணே, எங்க பக்கத்துத் தகரம் இடைஞ்சலா இருந்தா பிடுங்கிடுங்க."

"பிடுங்கினா உங்களுக்கு ஒழுகுமே. புதுத் தகடு என் பக்கத்துக்குத்தான் பத்தும்."

"என் பக்கத்தை அப்புறமா பாத்துக்கலாம். முதல்ல உங்க பக்கம் நல்லா அகலமா போடுங்க. மேல வர்ற தண்ணியைக் கொஞ்சம் எங்க பக்கம் சாய்ச்சு விட்டீங்கன்னா உங்களுக்கு சேஃப்."

"அது தப்பில்லையா?"

"நமக்குள்ள என்ன லா."

இப்படியும் ஒரு மனுஷனா என்று செல்லையா கீழே பார்த்தார். தகரத்தைப் பிடுங்கினார். தகட்டைச் சாய்த்தார்.

சாயங்கால மழையில் அவர் குசினி கருவாடு மாதிரி காய்ந்திருந்தது. நவமணி அண்ணாந்து பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, "பரவால்லியே" என்றாள். அந்தச் சந்தோஷம் ஒரு வாய் காப்பி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் தடதடவென்று சத்தம் கேட்டது.

செல்லையா ஓடினார். மாடசாமி மனைவி மாரியம்மா சட்டி, வாளி, அண்டா எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் ஒரு சின்ன அருவி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஐயோ, தங்கச்சி!"

"உக்காருங்கண்ணே, காப்பி குடிக்கிறீங்களா? சக்கரையை மூடிதான் வச்சிருக்கேன்."

"நாளைக்கு துரை வர்றாரே! மாடசாமி, ஏணியைக் குடுங்க, இப்பவே ஏறுறேன்!"

"மழையில வழுக்கும்ணே" என்று மாடசாமி ஏணியைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். "எங்களுக்கு எது வந்தாலும் நாங்க பாத்துக்குறோம். நீங்க நல்லா இருந்தா போதும்."

செல்லையாவுக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், சுவரில் காதை வைத்தார், மறுபடி உட்கார்ந்தார். மாடசாமியின் பிள்ளைகள் கீழ் டிவிசனில் கால் முழுக்க அட்டையோடு நிற்பது போலவே தோன்றியது.

"நம்மளால அந்த மனுஷன் குடும்பம் போகப் போகுது நவமணி."

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க" என்றாள் நவமணி. "எனக்கும் மனசு கேக்கலதான். ஆனா டிவி இருக்குல்ல?"

திங்கட்கிழமை மழை தவறாமல் வந்தது. சின்னதுரையும் வந்தார். கூடவே குடை பிடித்துக்கொண்டு வேலப்பன் கங்காணி. செல்லையா வீட்டில் துரை அண்ணாந்து பார்த்தார். தகட்டைப் பற்றி விசாரித்தார். செல்லையா பூட்ஸ், பிளாஸ்டிக் விளக்கத்தைச் சொன்னார்.

"பாகுஸ்" என்று மலாயில் பாராட்டித் துரை தோளில் தட்டினார். நவமணி டிவியைத் தட்டினாள்.

அடுத்த வீட்டுக்குள் துரை நுழைந்ததும் ஒரு அண்டா நிரம்பி வழிந்தது. மாடசாமி கையைக் கட்டிக்கொண்டு, பரிதாபத்துக்குப் படம் எடுக்க நிற்பவர் மாதிரி நின்றார்.

துரை புருவத்தைச் சுருக்கினார். "இந்த வீடு போன தடவை காய்ஞ்சி இருந்துச்சே?"

மாடசாமி வாயைத் திறப்பதற்குள், வாசலில் நின்ற செல்லையாவின் மனச்சாட்சி முந்திக்கொண்டது.

"தொரை! நிஜமாவே ஒழுகுது தொரை! நானே மேல ஏறிப் பாத்தேன். தகரமே கிடையாது. எந்த மழைக்கும் தாங்காது."

"சரி" என்று துரை தலையாட்டினார். சந்தேகம் தீர்ந்த முகம்.

செல்லையா கையெடுத்துக் கும்பிட்டார். "ஆனா இவர் மேல தப்பில்ல தொரை. அந்தத் தகரத்தைப் பிடுங்கினது நான்தான். தண்டனைன்னா எனக்குக் குடுங்க. கீழ் டிவிசனுக்கு இவங்களை அனுப்பிடாதீங்க!"

துரை ஒன்றும் புரியாமல் கங்காணியைப் பார்த்தார். மாடசாமி அண்டாவைப் பார்த்தார். மாரியம்மா சத்தமில்லாமல் ஏணியைப் புடவையால் மறைத்தாள்.

வேலப்பன் கங்காணி குடையை மடக்கிக்கொண்டே சொன்னார்:

"என்னய்யா உளர்றே செல்லையா, ஒழுகுற வீட்டுக்காரங்களுக்கு லயத்துக்கு ஒண்ணுன்னு ரோட்டோரத்துப் புது வீடு குடுக்கத்தானே துரை வந்திருக்காரு, உங்கிட்டயும் சொல்லச் சொல்லி போன வாரமே மாடசாமிகிட்ட சொல்லி அனுப்பிச்சேனே!"