வடிகட்டியில் மாட்டிய பிரியாணி

அடுத்தவர் வீட்டு அடுப்படிக்குள் கேட்காமல் நுழையக்கூடாது என்று அம்மா எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். அடுத்தவர் போனுக்குள் நுழையக்கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. அதை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். அதுவும் ரகசியமாக இல்லை. பிள்ளைகள், பெற்றோர்கள், சக டீச்சர்கள், நாற்காலி போட வந்த பந்தல்காரர்கள் என்று ஒரு பெருங்கூட்டமே பார்த்துக்கொண்டிருக்க, சுவர் அகலத் திரையில் கற்றுக்கொண்டேன்.

அப்போது நான் சங்கரன்கோவிலில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிகக் கம்ப்யூட்டர் டீச்சர். பெயர் கோமதி. (அம்மன் பெயரும் கோமதிதான் என்பதால், எங்கள் ஊரில் இதையெல்லாம் ஒரு பெயர் என்றே சொல்ல முடியாது. பள்ளி வராந்தாவில் நின்று "கோமதி" என்று கூப்பிட்டால் ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒருத்தி எட்டிப்பார்ப்பாள்.) அப்பா விசைத்தறி வைத்திருந்தவர். தறி நின்றுபோன பிறகு, "வேலை நிரந்தரம் ஆகலைன்னா பேசாம மெட்ராஸ்ல சித்தப்பா வீட்டுக்குப் போயிரு, அங்கன கம்பெனியில சேத்துவிடுதேன்னு சொல்லியிருக்கான்" என்று தினமும் ஆரம்பித்திருந்தார். எனக்கோ மெட்ராஸ் என்றாலே ஆகாது. இந்த ஊரும், என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளும், சாயங்காலம் ரத வீதியில் பூக்கடைகளைத் தாண்டி நடந்துபோவதும் இல்லாமல் நான் என்ன ஆவேன் என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறேன்.

நிரந்தரம் செய்யும் அதிகாரம் தாளாளர் சிவசைலம் அண்ணாச்சியிடம் இருந்தது. நெற்றி நிறையத் திருநீறும், கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியுமாக வருவார். சுத்த சைவம். சைவம் என்பதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, காலைக் கூட்டத்தில் மரக்கறிச் சாப்பாட்டின் பெருமையை அரைமணி நேரம் பேசுவார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குள் முட்டை வரலாம் என்றால் அது கணக்குப் பரீட்சைத் தாளில் மட்டும்தான். கணக்கு டீச்சர் எஸ்தர் அக்கா ஆம்லெட்டைச் சோற்றுக்கு அடியில் புதைத்துக் கொண்டுவந்து, புதையல் எடுப்பதுபோலத் தோண்டித் தின்பார்.

"பெற்றோர் தினத்தன்னைக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்டும்மா. எல்லாருக்கும் புரிஞ்சா உனக்கு நிரந்தரம்" என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

நான் எடுத்துக்கொண்ட பாடம், போனில் ஒரே வார்த்தையைத் தேடினாலும் ஆளுக்கு ஆள் வேறு வேறு விடை ஏன் வருகிறது என்பது. நாம் முன்னால் என்னவெல்லாம் தேடினோம், எங்கெல்லாம் போனோம் என்பதைப் போன் நினைவில் வைத்துக்கொள்கிறது. நமக்குப் பிடிக்கும் என்று அதுவாகவே முடிவு செய்து, மற்றதை வடிகட்டிவிடுகிறது. இதை விளக்குவதற்காக வீட்டிலிருந்து டீ வடிகட்டியை வேறு எடுத்துப் போயிருந்தேன். அந்த வயதில் என் புத்திசாலித்தனத்தின் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அளவில்லாதது.

அதே புத்திசாலித்தனத்தோடு இன்னொரு காரியமும் செய்தேன். என் போனில் தேடியதை எல்லாம் தடயமில்லாமல் அழித்தேன். (வேறு பள்ளிகளில் வேலை இருக்கிறதா என்று நான் தேடாத நாள் இல்லை. அது திரையில் வந்தால் நிரந்தரம் என்ன, தற்காலிகமும் போய்விடும்.)

பெற்றோர் தினம் வந்தது. அம்மன் கோயிலில் ஆடித்தவசுத் திருவிழாவுக்குக் கொடியேறி, ஊரே விரதமாக இருந்த வாரம். முன்வரிசையில் அண்ணாச்சி, பக்கத்தில் அவர் மனைவி செண்பகத்தம்மாள். போனைக் கேபிளில் செருகினால் அதில் தெரிவது அப்படியே திரையிலும் தெரியும். முதலில் என் போனைச் செருகி "சங்கரன்கோவில்" என்று அடித்தேன். கோயில் படம், ஊர் வரைபடம், பஸ் நேரம் வந்தன. துடைத்து வைத்த போனில் வேறு என்ன வரும்?

அடுத்து, என் மாணவி முப்பிடாதியின் அப்பாவிடம் போனைக் கேட்டேன். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பூ விவசாயம் செய்கிறவர். அதே வார்த்தையை அடித்ததும், சங்கரன்கோவில் மல்லிகை விலை, பிச்சி விலை, பூ மார்க்கெட் விடுமுறை என்று வரிசையாக வந்தது. "அடேயப்பா" என்றது கூட்டம். முப்பிடாதி எழுந்தாள்.

"மிஸ், இது நம்ம கோயில் கதை மாதிரில்லா இருக்கு! சங்கன்னு ஒரு பாம்புக்குச் சிவன்தான் பெருசு, பதுமன் பாம்புக்குப் பெருமாள்தான் பெருசு. போன் இருந்திருந்தா அதுக்குச் சிவனை மட்டும் காட்டும், இதுக்குப் பெருமாளை மட்டும் காட்டும். கடைசி வரைக்கும் சண்டைதான். ரெண்டு பேரையும் ஒரே உருவமாச் சேத்துப் பாக்கதுக்கு அம்மன் ஒத்தக்கால்ல தவசு இருக்க வேண்டியிருந்துச்சு."

கைதட்டல் அடங்கவே இல்லை. அண்ணாச்சியே தட்டினார். நான் ராத்திரியெல்லாம் கண்விழித்து யோசித்தும் வராத உதாரணம் அது. வடிகட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, வணக்கம் சொல்லி இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் தலைக்கனம் என்று ஒன்று இருக்கிறதே, அது என்னை இறங்க விடவில்லை. அண்ணாச்சியின் போனில் தேவாரமும் திருவாசகமுமாகக் கொட்டும், அவரும் குளிர்ந்துபோவார் என்று கணக்குப் போட்டேன்.

"சார், உங்க போனையும் ஒருதடவை போட்டுப் பாத்துருவோமா?"

அவர் முகம் லேசாக மாறியது. இப்போது யோசித்தால் தெரிகிறது, அப்போது தெரியவில்லை. எல்லாரும் பார்க்கிறார்களே, மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? தயங்கித் தயங்கி நீட்டினார். நான் செருகினேன். "சங்க" என்றுதான் அடித்திருப்பேன். மீதியைப் போனே அடித்துக்கொண்டது.

சங்கரன்கோவில் மட்டன் பிரியாணி.
சங்கரன்கோவில் மட்டன் பிரியாணி பார்சல் உண்டா.
சங்கரன்கோவில் பிரியாணி கடை ஆடி மாதம் திறந்திருக்குமா.
வாயில் பிரியாணி வாசனை போக என்ன செய்ய வேண்டும்.

எஸ்தர் அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அண்ணாச்சியின் திருநீறு வேர்வையில் கரைய ஆரம்பித்தது. என் கண் முன்னால் மெட்ராஸ் ரயில் தெரிந்தது, சித்தப்பா பெட்டியை வாங்கக் கை நீட்டினார். கேபிளைப் பிடுங்க வேண்டும் என்று மூளை சொல்கிறது, கையோ வடிகட்டியை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடிக்கிறது. வடிகட்டிக்குப் பின்னால் ஒளிந்த முதல் மனுஷி நானாகத்தான் இருக்கும்.

செண்பகத்தம்மாள் கணவர் பக்கம் திரும்பினார். "என்ன இது? நான் கேக்கேன்லா?"

அண்ணாச்சியைக் காப்பாற்றினால்தான் நான் பிழைப்பேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "அது வந்து... போன் சில நேரம் தப்பாக் காட்டும் மேடம்."

முப்பிடாதி விடவில்லை. "மிஸ், இப்பதான சொன்னிய, நாம தேடுனதைத்தான் அது காட்டும்னு?"

நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யை முட்டுக்கொடுத்தேன். "ஆமா, ஆனா... சில நேரம் பக்கத்துல இருக்கவங்க தேடுனதையும் எடுத்துக்கிடும்."

இதை நான் அங்கே கண்டுபிடித்தேன். விஞ்ஞானத்தில் இப்படி ஒன்றும் கிடையாது. பின்வரிசையில் இருந்து யாரோ ஒரு பையன் குரல் கொடுத்தான். "அப்ப அவுக பக்கத்துல யாரு இருக்கா?"

அத்தனை கண்ணும் செண்பகத்தம்மாள் மேல் விழுந்தது.

அவர் எழுந்தே விட்டார். "நானா? வியாழக்கிழமை வியாழக்கிழமை விரதம் இருந்து தட்சிணாமூர்த்தியைக் கும்பிடுத ஆளு நானு! இந்தா, என் போனைப் போடு. ஊரே பாக்கட்டும்."

"வேண்டாம் மேடம், நேரமாயிட்டு" என்றேன்.

"போடுங்கேன்!"

போட்டேன். "சங்கரன்கோவில்" என்று அடித்தேன். முதலில் கோயில் வந்தது. குரு பகவான் பூஜை நேரம் வந்தது. செண்பகத்தம்மாள் தலை நிமிர்ந்தது. எனக்கும் மூச்சு வந்தது. அதோடு நின்றிருக்க வேண்டும், ஆனால் திரை தானாகவே கொஞ்சம் கீழே நகர்ந்தது. (என் விரல்தான் பட்டு நகர்த்தியிருக்க வேண்டும்.) அங்கே ஊர் வரைபடம். வரைபடத்தில் ஒரு பிரியாணிக் கடை. கடைப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில், "நீங்கள் அடிக்கடி வரும் இடம். கடைசியாக வந்தது: போன வியாழன்."

பொடி எழுத்துதான். ஆனால் சுவர் அகலத் திரையில் பொடி எழுத்து எருமைக்கன்று அளவுக்கு இருக்கும் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, ஏதோ பள்ளி விஷயம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"செண்பகம், மாடியிலயா, கீழயா?"

செண்பகத்தம்மாள் தலையைக் குனிந்தபடி சொன்னார். "மாடி. அங்கனதான் ஏசி இருக்கு. ஆளும் வரமாட்டாக."

"அதான் பாத்ததில்ல. நான் கீழ, பார்சல்."

முதலில் சிரித்தது முப்பிடாதியின் அப்பா. பூ மூட்டை சரிந்ததுபோல அப்படி ஒரு சிரிப்பு. அடுத்து எஸ்தர் அக்கா. பிறகு யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரிக்க முடியவில்லை. அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். செண்பகத்தம்மாள் அவர் தோளில் ஒரு அடி வைத்தார். "கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து உங்க பிரசங்கத்துக்குப் பயந்துகிட்டுல்லா நான் ஒளிஞ்சு ஒளிஞ்சு போனேன்!"

"உங்க வீட்டு ஆளுக சுத்த சைவம்னு பயந்துதானே நான் பிரசங்கமே பண்ண ஆரம்பிச்சேன்!"

எனக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை. பெரிய இடத்துக் குடும்ப ரகசியத்தை ஊருக்குப் படம் போட்டுக் காட்டிவிட்டு வேலை எங்கே நிலைக்கும்? மறுநாள் காலை என் டம்ளரையும் வடிகட்டியையும் பையில் போட்டுக்கொண்டுதான் அவர் அறைக்குப் போனேன்.

"உக்காரும்மா கோமதி" என்றார். மேஜையில் என் நிரந்தர ஆணை இருந்தது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

நான் நம்பாமல் பார்த்தேன். "எல்லாருக்கும் புரியணும்னு சொன்னேன். என்னைவிட நல்லாப் புரிஞ்ச ஆளு இந்த ஊர்ல உண்டா?" என்றார். "எத்தனை வருஷம் வேப்பங்குச்சியக் கடிச்சிக் கடிச்சி வாயைக் கழுவியிருக்கேன் தெரியுமா? நேத்து ராத்திரிதான் ரெண்டு பேரும் உக்காந்து ஒரே இலையில பிரியாணி சாப்பிட்டோம். ஆடி முடியட்டும்னு நானும் சொல்லல, அவளும் சொல்லல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. நேத்துப் போட்ட போன்லயே மோசமான போன் உன்னுதுதான்."

"என்னுதா சார்? அதுல ஒண்ணுமே வரலையே?"

"அதான் சொல்லுதேன். ஒண்ணுமே தேடாத ஆளு உலகத்துல உண்டா? துடைச்சிட்டுத்தானே கொண்டுவந்த? என்னத்தத் தேடுன?"

உண்மையைச் சொன்னேன். வேறு பள்ளிகளில் வேலை தேடியதைச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன்னால் நான் அனுபவித்ததில்லை. "அடுத்த மாசம் பெத்தவங்களுக்கு ஒரு வகுப்பு வையி. எப்படித் துடைக்கதுன்னு" என்று சொல்லி அனுப்பினார். அந்த வகுப்பில் உட்கார இடமில்லை.

ஆணை கிடைத்த அன்றைக்கு மதியமே எஸ்தர் அக்காவின் ஆம்லெட் சோற்றுக்கு மேலே வந்தது. காலைக் கூட்டத்தில் இப்போதெல்லாம் உடற்பயிற்சியின் பெருமை பேசப்படுகிறது.

எனக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கள் வீட்டில் முறுக்கு டப்பா காலியாக இருந்து, யாரும் நான் இல்லை என்று சொன்னால், "போனைக் கொண்டா, சங்கரன்கோவில்னு போட்டுப் பாப்போம்" என்பதுதான் விசாரணை. இதில் கொடுமை என்னவென்றால், இந்தக் கதையில் நிஜமான சைவம் நான் ஒருத்திதான். புகுந்த வீடும் சைவம். ஆனால் கதை கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்தக் கடையைத் தேடிக் காட்டிக் காட்டி, மதியம் ஆனால் என் போன் முதலில் பிரியாணியைத்தான் நீட்டுகிறது.

போன மாதம் அத்தை, என் மாமியார், பஸ் நேரம் பார்க்க என் போனை எடுத்தார். "சங்கரன்கோவில்" என்று அடித்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி கோமதி, இது என்ன?"

பழைய பதற்றம் அப்படியே திரும்பி வந்தது. வாய், என்னைக் கேட்காமல், பழைய பொய்யையே சொன்னது. "அத்தை, போன் சில நேரம் பக்கத்துல இருக்கவங்க தேடுனதையும் எடுத்துக்கிடும்..."

அத்தை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். அவர் பேப்பரை மடித்து வைத்தார், எழுந்தார், வாசலில் போய்ச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.