நூறு வரை

மணவாள நகர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி வரதன் அவர்களுக்கு, பூவராகவன் வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் மனைவியும் என் பிரஷர் மாத்திரையும் சௌக்கியம். வில்லிவாக்கத்தில் தாங்களும் தங்கள் சம்சாரமும் நலமாயிருக்க வீரராகவப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசாமல் கடிதம் போடுவதற்குக் காரணம் உண்டு. சென்ற வாரம் வீடியோவில் பேசியபோது, நான் கொட்டாவி விட்ட நேரம் பார்த்துப் படம் நின்றுபோய், தாங்கள் ஐந்து நிமிடம் என் தொண்டையைப் பார்த்தபடியே பேசியதாக அறிந்தேன். அதில் என் காதில் விழுந்தது கடைசி வரி மட்டும்தான்: "உங்க ஊட்டு நெட்டு இருக்கிற லட்சணத்துக்கு எம்பொண்ணு வேலையே பூடும். ஞாயித்துக்கெழம வந்து இட்டுக்கினு போறேன்." மீட்டிங்கில் இனி ஒரு தடவை லைன் அறுந்தாலும் வீட்டிலிருந்து வேலை பார்க்க விடமாட்டேன் என்று நர்மதாவின் மேனேஜர் சொன்னது எனக்கும் தெரியும். ஆனால் நெட்டு இல்லை என்று மருமகளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டான் பூவராகவன் என்று ஊர் பேசினால், நான் எந்த முகத்தோடு பால் வாங்கப் போவேன்?

நான் யார்? கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் லாரி எடைமேடையில் உட்கார்ந்தவன். டிரைவர் வண்டிக்குள் இருக்கிறாரா, டீ குடிக்கப் போய்விட்டாரா என்பதை மேடை காட்டும் எடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டில், நூறு எம்பிபிஎஸ் வேகம் என்று வாங்கிய இணைப்பு ஒன்பது வருகிறது. விடுவேனா? மூன்று வேளையும் போனில் வேகத்தை அளந்து காலண்டரில் குறித்தேன். காலையில் ஒன்பது, மதியம் ஏழு, தெருவே சீரியல் பார்க்கிற நேரத்தில் நாலு. கஸ்டமர் கேரில் ஒரு பெண், "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லிச் சொல்லியே இருந்த பொறுமையையும் தீர்த்துவிட்டது. மோடத்தை அணைத்துப் போடச் சொன்னது, போட்டேன். ஜன்னலோரம் வைக்கச் சொன்னது, வைத்தேன், சாரலில் நனைந்தது. ஈரம் போகட்டும் என்று அரிசி டின்னுக்குள் புதைத்தேன். உலைக்கு அரிசி எடுக்கப் போன என் மனைவி ஒயர் கையில் சிக்கியதும் பாம்பு என்று அலறியதில் அன்று பகல் சாப்பாடே இல்லை.

கடைசியில் லைன் பார்க்கிற குணா என்பவர் வந்தார். காலண்டரைக் காட்டினேன். அவர் பதிலுக்கு என் பில்லையே எடுத்துக் காட்டினார்.

"இன்னா சார் பேஜாரு பண்ற? நூறு வரைன்னுதான போட்டுகீது? ஒம்போதும் நூறு வரைக்குள்ளதான வருது?"

சம்பந்தி, எனக்கு ரத்தம் கொதித்தது. இருபது டன் வரை என்று வாழ்நாளில் ஒரு சீட்டு எழுதியிருப்பேனா? ஆனாலும் கத்தவில்லை. "உக்காருப்பா, நாஷ்டா துன்னுட்டுப் போ. எங்க ஊட்ல அஞ்சு இட்லி வரைக்கும் குடுப்போம்" என்று உட்காரவைத்து, தட்டில் அரை இட்லி வைத்தேன்.

"மீதி எங்க சார்?"

"அரையும் அஞ்சு வரைக்குள்ளதான வருது?"

மனிதர் ஏணியை எடுத்துக்கொண்டு கம்பத்தில் ஏறிவிட்டார்! இறங்கி வந்ததும் மீதி நாலரையையும் வடகறியோடு கொடுத்தேன். அன்று மாலை நர்மதா என் போனை வாங்கி ஏதோ தட்டிவிட்டு, "இப்ப பாருங்க மாமா" என்றாள். தொண்ணூற்றாறு! நாலு நாளாக அதே தொண்ணூற்றாறு. தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டிவிட்டேன். மீட்டிங் ஒருமுறைகூட அறுபடவில்லை. நேற்று தங்கள் மகளை டீம் லீடராகவே ஆக்கிவிட்டார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, என் வீட்டு வேகத்தில் வந்த பதவி அது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்து வரவேண்டாம், விருந்துக்கு வாருங்கள்.

தங்கள் வீட்டில் அனைவரும் நீண்ட ஆயுளும் நின்றுபோகாத நெட்டும் பெற்று வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மா. பூவராகவன்

பி.கு.: கவரை ஒட்டுமுன் நர்மதாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கோச்சுக்காதீங்க மாமா. அது பக்கத்து ஊட்டு ஆபிதாக்கா நெட்டு. உங்களுக்கு பிரஷர் ஏறிக்கினே போச்சு, அதான் அவங்க பாஸ்வேர்ட வாங்கி உங்க போன்ல போட்டுட்டேன். என் மீட்டிங்கும் அதுலதான்" என்றாள். நம் இணைப்பை இந்தக் காலை வேளையில் இப்போதுதான் அளந்தேன். ஆறு. அந்தக் குணா வந்துபோன பிறகு மூன்று குறைந்திருக்கிறது. ஆகவே மேலே நெட்டைப் பற்றி நான் எழுதிய எல்லாவற்றையும் தாங்களே அடித்துவிடவும். "இத உங்கப்பாகிட்ட சொன்னியாம்மா?" என்று கேட்டேன். "அவருகிட்ட போயி நம்ம ஊட்ட வுட்டுக்குடுப்பனா மாமா?" என்றாள். சம்பந்தி, ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்தாலும் காலியாகத்தான் திரும்பும். தங்கள் பெண் நம்ம ஊடு என்று சொன்னது இந்த வீட்டை.