ரயில் தீண்டாத ரயில் நிலையம்

உலகில் ரயில் நிலையங்கள் ஆயிரம் உண்டு. ரயில் என்னும் அசுத்தம் அறுபது வருடமாகத் தீண்டாத தூய நிலையம், இங்கிலாந்தின் ஸ்னார்ஸ்பி. 1963இல் அரசு அதை மூடிய நாள் முதல் அதற்கு ஏறுமுகம்தான். கடைசி வண்டி கிளம்பிய நாலு பன்னிரண்டிலேயே கடிகாரம் நிற்கிறது. சாவி கொடுப்பது குற்றம். காத்திருப்பு அறையில் மாதந்தோறும் 'நிலையப் பாதுகாப்புச் சங்கம்' கூடும்.

சங்கத்துக்குத் தேநீர் போடுவதும் தட்டச்சு அடிப்பதும் மியூரியல் கேட்லி. அவள் கணவன் வில்ஃப், பக்கவாதத்தோடு பதினெட்டு மைல் தள்ளி ஆஸ்பத்திரியில் கிடந்தான். பஸ்ஸோ, புதனும் சனியும் மட்டும்.

அப்போதுதான் ரயில்வேயிலிருந்து அந்தக் கடிதம் வந்தது: பாதையைத் திறக்கிறோம், ஸ்னார்ஸ்பியில் வண்டி நிற்கலாமா?

"வண்டியா? இங்கயா?" தலைவர் மேஜர் பெல்ஸ்ட்ரோடுக்கு மூச்சு வாங்கியது.

"பிளாட்பாரத்துல மஞ்சக் கோடு போடுவாங்களாம் மேஜர்," என்றாள் பூந்தொட்டிகளின் பொறுப்பாளர் ஹெஸ்டர். "என் ஜெரேனியத்த எங்க கொண்டுபோய் வைக்க?"

"அத விடுங்க," என்றார் மேஜர். "ஜனங்க வருவாங்களே! இந்த ரூம்ல உக்காந்து காத்திருப்பாங்களே!"

மியூரியல் கெட்டிலைக் கீழே வைத்தாள். "ரயில் வந்தா நான் தெனமும் வில்ஃபப் போய்ப் பாத்துட்டு வந்துடுவேங்க."

அறை நெளிந்தது.

"மிஸஸ் கேட்லி," என்றார் மேஜர் கனிவாக, "உங்க கஷ்டம் புரியுது. ஆனா போக்குவரத்துப் பேச்சையெல்லாம் இங்க எடுக்காதீங்க. இது ரயில்வே ஸ்டேஷன்."

கடிதம் 'ஏகமனதாக' நிராகரிக்கப்பட்டது. தேநீர் போடுகிறவர்களுக்கு ஓட்டு கிடையாது.

இவ்வெற்றியின் நினைவாக நிலையத்தின் வரலாற்றைப் பித்தளையில் பொறிப்பதென்று தீர்மானம். வாசகத்தைத் தயாரிக்கும் வேலை, வழக்கம்போல், மியூரியலுக்கு. அடுத்த கூட்டத்தில் தாளை நீட்டினாள். எந்தத் தாளையும் படித்து நேரத்தை வீணடிக்காதது சங்கத்தின் நெடுநாள் மரபு.

"வாசிச்சதா எடுத்துக்கலாமா?" என்றார் மேஜர்.

"எடுத்துக்கலாம்!" கைகள் கேக்கோடு உயர்ந்தன.

திறப்பு விழா ஒரு புதன்கிழமை. எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில், சூப் குடுவையோடு மியூரியல். மேஜர் திரையை இழுத்து, பித்தளைத் தகட்டில் இருந்ததை அணிவகுப்புக் குரலில் முழங்கினார்:

"இந்நிலையம் இருமுறை மூடப்பட்டது. முதல்முறை மூடியது அரசு, பயணிகள் வரவில்லை என்று. இரண்டாம்முறை மூடியது..."

அடுத்த வரி கண்ணில் பட்டது. ஆனால் தொடங்கிய வாக்கியத்தைப் பாதியில் விடும் பழக்கம் மேஜருக்கு இல்லை.

"...இந்தச் சங்கம், பயணிகள் வந்துவிடுவார்கள் என்று."

பஸ் வந்துவிட்டது.