மணி அடிக்கும் முன்

போட்டிப் பட்டியலில் சந்தியாகுவின் பெயர் ஏறிவிட்டது. ஏற்றியது வேறு யாருமில்லை, அவர் வாய்தான்.

இருபத்திரண்டு வருஷமாகப் பெண்டாட்டி ஜெயசெல்வியிடம் ஒரே பாட்டு. கல்யாணத்துக்கு முன் சேத்தியாத்தோப்பில் குதிரை ஓட்டினாராம். ஊசி போட்டுக்கொள்ளக் கூப்பிட்டாலும், "குதிரை ஏறினவன்டி நான், எனக்கெதுக்கு ஊசி?" என்பார். உண்மையில் ஏறியது மாட்டுவண்டி. அதிலும் பின்பக்கம்.

தொண்ணூற்றெட்டில் டவுன்ஷிப் கிளப் ஒன்றில் குதிரைப் பயிற்சி ஆரம்பித்தார்கள். ஜெயசெல்வி படிவத்தை நீட்டினாள். மறுக்க முடியுமா? எட்டு ஞாயிறு, குதிரைக்காரர் இசக்கிமுத்து கயிற்றைப் பிடித்து நடத்தினார். இவர் மேலே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னார்.

இப்போது போட்டி. புதியவர்களுக்கானது. ஆறு தடை. முழங்கால் உயரக் கட்டை. கயிறு கிடையாது.

நிலக்கரி மைன்ஸில் ராட்சத இயந்திரத்துக்குக் கீழே நின்று சோறு தின்ற மனுஷன். முழங்கால் உயரக் கட்டையை நினைத்தால், வாயில் வைத்த இட்லி இறங்க மறுத்தது.

விதித்தாள் கொடுத்திருந்தார்கள். புரமோஷன் பரீட்சைக்குக்கூட அவர் அப்படிப் படித்ததில்லை. கட்டை விழுந்தால் நாலு தப்புப் புள்ளி. குதிரை தடை முன் நின்றுவிட்டால் அதற்கும் புள்ளி. மூன்றாம் தரம் நின்றால் ஆள் வெளியே. புள்ளி குறைந்தவன் ஜெயித்தவன். எல்லாம் சரி, முதலில் தாண்டித் தொலைய வேண்டுமே!

கடைசி விதி கைகொடுத்தது. மணி அடிக்கும் முன் புறப்படும் கோட்டைக் கடந்தால், உடனே வெளியே.

அப்பாடா! ஒரு கட்டைகூடத் தாண்ட வேண்டாம். 'வீரத்துல அவசரப்பட்டுட்டாரு' என்று ஊரும் சொல்லும். அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடிட்டார். தாளைத் தலையணைக்கு அடியில் வைத்தார். மடையர். தலையணை உறையைத் துவைப்பது யார்?

"ஏங்க, என்னா இந்தச் செவப்புக் கோடு?"

"மறக்கக்கூடாதுன்னு."

"கட்டையில வுழுந்தா என்னா ஆவும்னு கோடு போடலியே?"

"வுழுந்தாத்தானே!"

"அதானே, குதிரை ஏறினவரு நீங்க. கை ஏன் நடுங்கிக்கினு இருக்கு?"

"நைட் ஷிப்ட் பாத்த கை."

"இந்த வாரம் பகல்ல, ஜெனரல் ஷிப்டுதானே?"

"காபி கொண்டாடி!"

போட்டி நாள். கிழட்டு வெள்ளைக் குதிரை மேல் ஏற்றிவிட்டார்கள். இசக்கிமுத்து கயிற்றை விட்டார். சந்தியாகுவின் உயிரும் பாதி போனது. விதிப்படி நடுவருக்கு வணக்கம் வைத்தார். நடுவர் பக்கத்தில், மணியோடு ஒரு கை. பழகிய வளையல்.

ஜெயசெல்வி!

கோட்டுக்கு ஐந்தடிதான். குதிகாலால் ஒரு உதை விட்டார். குதிரை கிளம்பியது. அதன் மூக்கு கோட்டைத் தொட ஒரு சாண் இருக்கும்போது,

டாங்!

அதற்கப்புறம் குதிரை யாரையும் கேட்கவில்லை. இவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். "மாதாவே!" என்று ஆறு தரம் அலறினார். கண்ணைத் திறந்தபோது ஒரே கைதட்டல். ஒரு கட்டையும் விழவில்லை. முதலில் பல்லை எண்ணிப் பார்த்தார்.

ஒலிபெருக்கி முழங்கியது. "சந்தியாகு, பெரியண்ணன், ரெண்டு போட்டியாளருக்கும் தப்பே இல்லை. ஆகவே மறுசுற்று! கட்டை அரையடி உயரும்!"

அரையடியா! இறங்கினார் என்பதைவிட வழிந்தார் என்பது சரி. நடுவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"செல்வி, நான் குதிரையே ஏறினதில்லடி. மாட்டுவண்டிதான்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"கல்யாணத்தன்னிக்கே ஒங்க தங்கச்சி சொல்லிச்சு."

"அப்புறம் ஏன்டி மணி வேலையக் கேட்டு வாங்கி அடிச்ச?"

"கழுத்தக் கட்டிக்கினு கெடந்தாப் போதும், குதிரை தானாத் தாண்டிடும்னு இசக்கிமுத்து அண்ணன் சொன்னாரு. இருவத்திரெண்டு வருசம் கேட்டவ, ஒரு தரம் கண்ணால பாக்க வேணாமா?"

"பாத்துட்டியே! இன்னொரு தரம் ஏறினா செத்துடுவேன்டி!"

நடுவர் ஒரு தாளை எடுத்தார். "நீங்க ஏற வேணாம். மறுசுற்று வந்தா வெலகிக்கிறதா நேத்தே எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டாம் பரிசு உங்களுக்குத்தான்."

சந்தியாகு எட்டிப் பார்த்தார். விலகக் காரணம்: என் பயம். கீழே கையெழுத்து: ஜெயசெல்வி.